நீலத் தொப்பியில் வந்த அரிசி

நெல்லித்தாங்கல் சபையில் குருத்தோலை ஞாயிறன்று அடிதடி நடந்தது. கல் இல்லை, கட்டை இல்லை. கையில் ஏந்தி ஓசன்னா பாடிக்கொண்டு போன அதே குருத்தோலையால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். ஓலைக்கு வலிக்க அடிக்கத் தெரியாது. அவமானப்படுத்த நன்றாகத் தெரியும். கிழக்குத் தெரு ஜோயலின் மூக்குக் கண்ணாடி பறந்தது. மேற்குத் தெரு இளம்பரிதியின் வெள்ளைச் சட்டை தோளோடு கிழிந்தது. மறுநாள் சுற்றுவட்டாரச் சபைகளை நிர்வகிக்கிற சேகர அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, ஆலயக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு தெருவும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் திறப்பார்களாம்.

சண்டைக்குக் காரணம் சாலை. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியை அகலப்படுத்த, ஆலயத்தின் முன்வாசல்வரை அளந்து கல் நட்டிருந்தார்கள். கோவிலையே பஸ் ரோட்டுப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொள்வோம் என்றது கிழக்குத் தெரு. அப்பன் பாட்டன் கல்லறையை விட்டு ஓர் அடி நகரமாட்டோம் என்றது மேற்குத் தெரு. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருக்கிற சண்டை சீக்கிரம் முடிந்துவிடும், இது முடியவில்லை.

பூட்டிய கதவுக்கு முன்னால் ஒருத்தி மட்டும் ஞாயிறுதோறும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் ஷாரோன்.

ஷாரோனுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. புருஷன் தாவீது சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பிரசங்கம் பண்ணவோ பாட்டு எடுத்துக் கொடுக்கவோ அவளுக்கு வராது. ஆறு வருடமாக அவள் கையில் இருந்த ஊழியம் பிடியரிசி. சபையார் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம், அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து, 'ஆண்டவருக்கு' என்று சொல்லி அடுப்பங்கரையில் இருக்கும் தனிப் பானையில் போடுவார்கள். சனிக்கிழமை மாலை ஷாரோன் வீடு வீடாகப் போய் அதை வாங்கிக்கொள்வாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அது கஞ்சியாகும். தெற்கத்திச் சீமையிலிருந்து வேலைக்கு வந்து வாடகை ரூம்களில் நெருக்கிக்கொண்டு கிடக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது. அவர்களுக்காகத் தொடங்கியது அந்தக் கஞ்சி.

கதவு பூட்டிய மறு சனிக்கிழமையே சிக்கல் வந்தது. ஜோயல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஷாரோனு, எங்க தெரு அரிசிய அவுங்க அரிசியோட கலக்காத. சொல்லிட்டேன்."

மேற்குத் தெருவில் இளம்பரிதியும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் உரக்க. ஷாரோன் என்ன செய்வாள்? மஞ்சள் பை ஒன்று, பச்சைப் பை ஒன்று எடுத்துக்கொண்டாள். சபையின் பெரிய அண்டா பூட்டுக்குள் மாட்டிக்கொண்டதால், பஸ் நிறுத்தத்து டீக்கடை டில்லிபாபுவிடம் இரண்டு பானை இரவல் வாங்கினாள். கிழக்குக்கு ஒரு பானை, மேற்குக்கு ஒரு பானை.

"இன்னா ஷாரோனு," என்றான் டில்லிபாபு, "எங்க பக்கந்தான் சாமி நெறைய. உங்க சாமி ஒண்ணுதானே? பானை எதுக்கு ரெண்டு?"

முகம் மறைய ஒரு பானையைத் தலையில் கவிழ்த்து, இன்னொன்றை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அதைவிடக் கூச்சம் வரிசையில் நின்ற மாரிசெல்வியால் வந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஜூன் மாதம் அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு உற்பத்தி லைனை மூடி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று போனில் தகவல் அனுப்பிவிட்டார்கள். அவளைப் போல முப்பது பேருக்கு மேல், மறுபடி கூப்பிடுவார்கள் என்று ரூமிலேயே காத்துக் கிடந்தார்கள். முன்பு ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி அவர்களுக்கு ஒரு ஊர்ப் பேச்சுப் பேசும் இடம். இப்போது வாரத்தில் நிச்சயமாக வயிறு நிறைகிற ஒரே வேளை.

"யக்கா, ரெண்டு பானைக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணுல உப்பு கூடவா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"பொறவு எதுக்கு ரெண்டு வரிசை? வெயில்ல நிக்கோம்லா."

ஷாரோன் கரண்டியைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆடி பிறந்தபோது இரண்டு பானைக்கும் ஆபத்து வந்தது. நீ அந்தத் தெருவில் வாங்குவதை நிறுத்தும்வரை இந்தத் தெருவில் ஒரு பிடி கிடையாது என்று முதலில் மேற்கிலும், ஒரே வாரத்தில் கிழக்கிலும் தீர்மானமாகிவிட்டது. ஜோயல் கெட்டவர் அல்ல. அவளைக் கூப்பிட்டுத் தணிவாகவே பேசினார்.

"நீ இன்னாத்துக்கு வூடு வூடா அலையிற? மாசம் ஒரு மூட்டை அரிசி நானே எறக்கிடறேன். கிழக்குத் தெரு கஞ்சின்னு ஒரு போர்டு வெச்சிடு. போதும்."

ஷாரோனுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. முப்பது பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"மூட்டை அரிசி உங்க அரிசிண்ணே. பிடியரிசின்னா எல்லா அடுப்புலேர்ந்தும் வரணும். இல்லன்னா அதுக்குப் பேர் வேற."

"அப்ப பட்டினி போடு," என்று எழுந்துவிட்டார் ஜோயல்.

அந்தச் சனிக்கிழமை அவள் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் புறப்பட்டாள். கிழக்கில் ஒன்பது வீடு, மேற்கில் பதினொன்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "தோத்திரம். பிடியரிசி," என்றாள். ஒரு பாட்டின் அடியைப் பாடுகிற நேரம் காத்திருந்தாள். ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. இருபதாவது வீட்டைத் தாண்டும்போது பைகள் ஆடிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. மறுநாள் தன் வீட்டு ரேஷன் அரிசியைப் போட்டுக் காய்ச்சினாள். தண்ணீர் கூடுதல், பருக்கை குறைவு. பாதிப் பேருக்கு அரைத் தட்டுத்தான்.

"தர மாட்டாங்கன்னு தெரிஞ்சும் எதுக்கும்மே போற?" என்றான் தாவீது. "என் ஆட்டோவுக்காச்சும் பெட்ரோல் போட்டா ஓடும். நீ எதுல ஓடறேன்னே தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. 'ஆண்டவரே, நான் பண்றது ஊழியமா, வீம்பா?' என்று கேட்டுப் பார்த்தாள். மேலேயிருந்து பதில் வரவில்லை. மறு சனிக்கிழமையும் போனாள். வெறும் பையோடு இருபது வாசலிலும் நின்றாள். அடுத்த நாள் அரைத் தட்டும் கால் தட்டானது. மாரிசெல்வி தன் தட்டைப் பின்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல்லக்கா," என்று பொய் சொன்னதை ஷாரோன் பார்த்தாள். வீட்டு டின்னிலும் அரிசி அடி தட்டியது. இன்னும் ஒரு ஞாயிறு ஓட்டலாம், அதற்கு மேல் முடியாது.

மூன்றாம் ஞாயிறு காலை டீக்கடைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த பானையைத் தூக்கினாள். அடியில் நீலமாக ஏதோ உருண்டையாகக் கிடந்தது. எடுத்தாள். கனத்தது. அரிசி!

கம்பெனிக்குள் தலைமுடி விழாமல் மாட்டிக்கொள்கிற மெல்லிய தொப்பி. அதன் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டிருந்தது. இன்னொரு பானையைத் தூக்கினாள். அதற்கடியில் மூன்று.

"டில்லி அண்ணே, யாரு வெச்சது இது?"

டில்லிபாபு டீயை ஓர் ஆள் உயரத்துக்கு ஆற்றினான். "எனக்கு இன்னா தெரியும்? உங்க ஆளு அஞ்சு ரொட்டிய வெச்சு அஞ்சாயிரம் பேருக்குப் போட்டாராமே. அவருக்கு இது ஒரு வேலையா?"

சொல்லிவிட்டு அவசரமாகப் பால் சட்டியைக் கிளறினான். ஏதோ தெரிந்தவன்தான் அப்படிக் கிளறுவான்.

ஷாரோனுக்கு ஒரு குணம். எதையும் துருவிப் பார்க்காமல் தூக்கம் வராது. அரிசியை முறத்தில் கொட்டிப் பரப்பினாள். இருபது வருடம் அரிசியோடு புழங்கிய கண். பழுப்பேறின ரேஷன் புழுங்கல் தெரிந்தது. மெலிந்த பொன்னி தெரிந்தது. குண்டு குண்டாக இட்லி அரிசி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சரிசி, யார் வீட்டுப் பண்டிகை மிச்சமோ, நான்கைந்து சீரகச் சம்பா. ஒரு வீட்டு அரிசி இல்லை இது. பல அடுப்பங்கரை அரிசி. ஆனால் அதுவல்ல அவளைத் திகைக்க வைத்தது. பொன்னியை மில்லிலிருந்து மூட்டையாக இறக்குகிறவர் ஊரில் ஜோயல் ஒருவர்தான். இட்லிக்கடை இருப்பது மேற்குத் தெருவில். இரண்டும் ஒரே தொப்பிக்குள் எப்படி வந்தன? அவள் கையில் வந்து சேருமுன்பே யார் கலந்தது?

நான்கு தொப்பியிலும் ஒரே கலவை. அன்று அவள் முதல் தடவையாக ஒரு பானையை மட்டும் அடுப்பில் ஏற்றினாள். கேட்பவர்களிடம் இன்னொன்று ஓட்டையாகிவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தாள். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை. எல்லாத் தட்டும் நிறைந்தது. ஆனால் மறு ஞாயிறு வருமா இந்த அரிசி? யாரை நம்பி அந்தப் பிள்ளைகளை வரச் சொல்வது? அது தெரிந்தாக வேண்டும்.

மறு சனிக்கிழமை வெறும் பையோடு போய் வந்தாள். ஞாயிறு காலை ஆறு தொப்பி இருந்தது.

தொப்பியைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். கேன்டீனில் அவள் மாட்டுவது வெள்ளை. நீலம் லைனில் வேலை செய்கிறவர்களுக்கும் பேக்கிங்கில் இருப்பவர்களுக்கும். அந்த வேலைக்கு ஊரிலிருந்து போகிற பெண்கள் எல்லோரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள், இந்த டீக்கடை வாசலில் ஏறி, இதே வாசலில் இறங்கி.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. பகல் ஒரு மணிக்கே டீக்கடைக்குள் போய், பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"வேவு பாக்குறியா?" என்றான் டில்லிபாபு.

"டீ குடிக்கிறேன்."

"கப் காலியா கீது."

ஒன்றேகாலுக்கு இரண்டாம் ஷிப்ட் பஸ் வந்து நின்றது. கிழக்கிலிருந்து நான்கு பெண்கள் ஒரு ஓரமாக வந்தார்கள். மேற்கிலிருந்து ஐந்து பேர் இன்னொரு ஓரமாக வந்தார்கள். நடுவில் பத்தடி இடைவெளி. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஜோயல் தன் மனைவி சசிகலாவைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மேற்குப் பக்கம் ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். பெண்கள் ஏறினார்கள். பானைப் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை.

சரி, தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம் என்று ஷாரோன் எழுந்தாள். எழுந்தபோது பஸ் ஜன்னல் கண்ணில் பட்டது. ஒரே சீட்டில், தோளோடு தோள் ஒட்டி, இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சசிகலா. இன்னொருத்தி செந்தாமரை, சட்டை கிழிந்த இளம்பரிதியின் மகள்! அவர்கள் தலைக்குப் பின்னால் நீலமாக ஏதோ ஒன்று கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.

ஷாரோன் ஓடினாள். செருப்பு ஒன்று கடை வாசலிலேயே நின்றுவிட்டது. நகரத் தொடங்கிய பஸ்ஸின் படியில் தொற்றி ஏறினாள்.

"யம்மா, ஐடி கார்டு இல்லாம ஏறக் கூடாது!" என்று டிரைவர் கத்தினார்.

"ரெண்டு நிமிசம் நைனா. அந்த வளைவுல எறங்கிடறேன்."

பஸ்ஸுக்குள் பேச்சு சட்டென்று நின்றது. நீலத் தொப்பி நடு வழியில் ஒரு பெண்ணின் கையில் அப்படியே நின்றது. ஒருத்தி மடியில் பேப்பர் பொட்டலம். ஒருத்தி துப்பட்டா முனையில் முடிச்சு. ஒருத்தி டிபன் பாக்ஸின் சின்ன மூடி. எல்லாவற்றிலும் ஒரு பிடி அரிசி. ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை வரிசை வரிசையாகப் போகுமே, அதே ஒழுங்கில் அது பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நெற்றியில் குங்குமம் வைத்த, வேறு ஊர்ப் பெண் ஒருத்தியும் தன் பொட்டலத்தைப் பிரித்தபடி விழித்தாள்.

"அத்தே," என்றாள் செந்தாமரை. 

சசிகலாதான் பேசினாள். "அவர்கிட்ட சொல்லிடாதக்கா. உன்ன கையெடுத்துக் கும்புடறேன்."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"தர வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆனா அரிசி களையும்போது கை நிக்கலக்கா. அது பாட்டுக்கு ஒரு பிடி எடுத்து ஒதுக்குது. பானை ரொம்பிகினே வருது. அந்த மொத சனிக்கெழமை நீ வெறும் பையோட வந்து நின்னே பாரு... நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன். கையில பானைய வெச்சுகினு."

"நானுந்தான்," என்றாள் செந்தாமரை. "எங்கப்பா நாற்காலிய வாசலுக்குக் குறுக்கால போட்டுகினு ஒக்காந்துடுச்சு. அத்தே, நீ ரெண்டாவது வாரமும் வந்தியா, எனக்கு ராத்திரி சோறே எறங்கல. திங்கக்கெழமை பஸ்ஸுல ஏறி சசி அக்கா பக்கத்துல ஒக்காந்து, 'உங்க வூட்டுலயும் ரொம்பிகினு கீதா?'ன்னு கேட்டேன். மூணு மாசமா பேசல நாங்க. கேட்டது அதுதான். சனிக்கெழமை ராத்திரி பஸ்ஸுலேர்ந்து எறங்கும்போது பானைக்கு அடியில வெச்சுட்டுப் போறோம்."

"நீ வராம வுட்டிருந்தா நாங்களும் வுட்டிருப்போம்," என்றாள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி.

ஷாரோன் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊழியமா வீம்பா என்று கேட்டாளே, அதற்குப் பதில் ஒரு கதவுக்குப் பின்னால் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

தொப்பி அவளிடம் வந்தது. அவள் கையில் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் காணிக்கைக் காசில் மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, வெறும் கையை மூடிப் பைக்குள் விட்டு எடுப்பாளே, அது ஞாபகம் வந்தது. அதே மாதிரி கையை மூடி உள்ளே விட்டாள். அரிசி விரலில் பட்டது, சில்லென்று. கையை வெளியே எடுத்து, தொப்பியை அடுத்தவளிடம் தள்ளினாள். பார்த்துக்கொண்டிருந்த செந்தாமரை களுக்கென்று சிரித்துவிட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

"வளைவு வந்துடுச்சு, எறங்கும்மா!" என்றார் டிரைவர். "பொட்டலம் கட்டுறது, தொப்பி சுத்துறது... எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறீங்க."

ஒற்றைச் செருப்போடு அவள் திரும்பி நடந்தாள்.

அந்த ஞாயிறு எட்டுத் தொப்பி. ஒரே பானையில் போட்டாள். ஐந்து வகை அரிசி ஒரே கொதியில் வேகாது. பொன்னி முதலில் குழைந்துவிடும், ரேஷன் புழுங்கல் பிடிவாதமாக நிற்கும். கஞ்சிக்கு அதுதான் நல்லது. குழைந்தது கஞ்சியைப் பாலாக்கும், நின்றது பல்லில் படும்.

"இன்னைக்கும் ஒரே வரிசைதானாக்கா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"இனிமே என்னைக்கும் ஒரே வரிசைதாம்மா."

"அதான பாத்தேன்!" என்று பின்னால் திரும்பி எல்லோரையும் ஒன்றாக நிற்கச் சொன்னாள்.

அப்போதுதான் ஜோயல் வந்தார். ஒரே பானை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் இளம்பரிதி பைக்கை நிறுத்தி, "ஒத்தப் பானையாம்! யாரக் கேட்டு?" என்று கத்தினார். பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஜோயல் போகவில்லை. அடுப்பருகே வந்து நின்றார்.

"இது யார் அரிசி?"

"ஆண்டவருக்குன்னு எடுத்து வெச்ச அரிசிண்ணே."

"யார் குடுத்தது?"

சசிகலா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதை ஷாரோன் மறக்கவில்லை. பொய்யும் சொல்ல முடியாது. இன்னும் போடாமல் முறத்தில் மிச்சமிருந்த அரிசியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல உங்க தெரு அரிசிய மட்டும் பொறுக்கிக் குடுங்கண்ணே. தனியா வேகவெச்சு வரிசையும் தனியாப் போடறேன்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். மனிதர் உண்மையிலேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை, அந்தக் குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு காதுப் பக்கம் நூல் சுற்றிய கண்ணாடியை, ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு பொன்னியை ஒதுக்கினார். இன்னொன்று. மூன்றாவதை எடுக்கும்போது விரல் நின்றது. எந்த மில் அரிசி என்று அவருக்குத் தெரியாதா? முறத்தின் ஓரத்தில் பிரித்துப் போட்ட நீலத் தொப்பி ஒன்று கிடந்தது. தினமும் அவர் வீட்டுக் கொடியில் காய்கிற தொப்பி. அதை எடுத்து நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒதுக்கிய இரண்டு அரிசியையும் மறுபடி முறத்தில் தள்ளினார்.

அவர் எழுந்து போவதை ஷாரோன் பார்த்தாள். வீட்டில் போய் சசிகலாவை என்ன சொல்வாரோ?

அந்த வாரம் முழுக்க அந்தக் கவலை அவளைத் தின்றது. விசாரித்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும், விசாரிக்காமலும் இருக்க முடியவில்லை. டில்லிபாபுவைக் கேட்டால், "பஸ்ஸு வருது, போவுது," என்பதோடு சரி.

சனிக்கிழமை மாலை புறப்பட்டாள். இந்தத் தடவை மஞ்சள் பை மட்டும். கிழக்குத் தெருவில் முதல் வீடு, இரண்டாவது வீடு, யாரும் வரவில்லை. மூன்றாவது ஜோயல் வீடு. நாற்காலி வாசலில் இருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

"தோத்திரம். பிடியரிசி."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சசிகலாவின் குரல், "அந்தப் பானை இல்ல, அடுப்பாண்ட கீற சின்னது!" என்றது. சிரிப்பை அடக்கிய குரல். ஷாரோனுக்கு உயிர் வந்தது.

ஜோயல் வெளியே வந்தார். மூடிய கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். விரலிடுக்கில் அரிசி சிந்தி நடை முழுக்க விழுந்தது. ஐம்பத்தாறு வயதில் அவர் முதல் முறையாகப் பிடியரிசி போடுகிறார். தெரு முழுக்கப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"இது எவ்ளோ போடறது? எனக்குப் பழக்கம் இல்ல."

"உங்க கை எவ்ளோ பிடிக்குதோ அவ்ளோதாண்ணே."

போட்டார். உள்ளங்கையில் ஒட்டிய நாலு மணியையும் தட்டிவிட்டார்.

"அடுத்தது எந்தத் தெரு?" என்று கேட்டார்.

"மேற்குத் தெரு."

"ம்," என்றார். நாற்காலியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்.

ஆலயக் கதவில் பூட்டு இன்னும் தொங்குகிறது. காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஷாரோன் பையை ஒரு குலுக்குக் குலுக்கி அரிசியை அடியில் இறக்கிக்கொண்டு நான்காவது வீட்டுக்கு நடந்தாள். அங்கே யாரோ, அவள் கூப்பிடுவதற்கு முன்பே, கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.